பேர் வெட்டிய பாத்திரங்கள்

எங்கள் வண்டிப்பேட்டைத் தெருவில் பாத்திரங்கள் தாமாகவே ஒலிக்கத் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில், மலைக்காற்று நின்றுபோய் எலுமிச்சை விலை ஏறியிருந்த சமயத்தில். முதலில் ஒலித்தது கடைசி வீட்டுச் சங்கரியின் எவர்சில்வர் கிண்ணம், அதுவும் அவள் வீட்டில் இல்லை, எதிர்வரிசையில் யாருக்கோ பொரியல் கொடுத்தனுப்பிய கிண்ணம், கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே தொடுவார் இல்லாமல் கிண்ணென்று ஒலித்து, அந்த ஒலி அடங்குவதற்குள் மறுபடியும் ஒலித்து, அதற்குள் பக்கத்து வீட்டில் அவளுடைய தம்ளர், அதற்கடுத்த வீட்டில் அவளுடைய சம்படம் என்று ப. சங்கரி என்ற பேர் எங்கெல்லாம் வெட்டியிருந்ததோ அங்கெல்லாம் ஒலித்து, என்ன விசேஷம் என்று பெண்கள் அவளையே துருவிக் கேட்டு, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அவள் முழுகாமல் இருக்கிற சேதி தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று மாதம் ஆகாமல் சொல்லக் கூடாது என்று தன் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அழும்போதும் பாத்திரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, யாருக்கு எதற்குச் சந்தோஷம் என்று கண்டுபிடிக்கிற வேலை தலைக்கு மேல் இருந்தது. கொஞ்ச நாளில் அதன் முறையும் பிடிபட்டது: பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவர்கள் மனம் குளிர்ந்தால் அது ஒலிக்கும், எந்த வீட்டில் இருந்தாலும் ஒலிக்கும், காலியாக இருந்தால்தான் ஒலிக்கும். எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் அவள் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் அனுப்புவார்கள், கரண்டிக் காம்பைக்கூட விடமாட்டார்கள்; ஆகவே ஒலித்ததெல்லாம் பெண்களின் சந்தோஷம்தான். ஆம்பிளைகளுக்கு வீடு உண்டு, வண்டி உண்டு, பாத்திரம் கிடையாது. கல்யாணங்களில் அவர்கள் கொடுத்த அன்பளிப்புகள் இருந்தன, ஆனால் அவற்றில் எல்லாம் இன்னார் குடும்பத்தார் என்று வெட்டியிருந்தது, ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்ததாக எங்கள் தெருவில் தகவல் இல்லை, அந்தத் தாம்பாளங்கள் இன்றுவரை ஒலித்ததில்லை.

சந்தோஷம் என்பது எங்களுக்கு உள்பாவாடை மாதிரி, எல்லோருக்கும் இருக்கும், வெளியே தெரியக் கூடாது. எப்படி இருக்கீய என்று கேட்டால் ஏதோ இருக்கோம் என்போம், மகனுக்கு வேலை கிடைத்தால் சம்பளத்தைக் குறைத்துச் சொல்வோம், புதுச் சேலையை எப்போதோ எடுத்தது என்போம், வாய்விட்டுச் சிரித்துவிட்டால் என்னவோ வரப்போகிறது என்று அப்போதே வாயைப் பொத்திக்கொள்வோம். துக்கத்தைத் தெருவில் போட்டு அழ எங்களுக்குக் கூச்சம் கிடையாது, கூட அழப் பத்துப் பேர் வருவார்கள். சந்தோஷத்துக்குத்தான் கூச்சம், அதைப் பார்க்கப் பத்துப் பேர் வந்தால் பத்துக் கண்ணும் படும்.

ஆகவே தெரு தன்னைத் திருத்திக்கொண்டது. நாத்தனார் கல்யாணம் நின்றுபோன அன்று எதிர்வீட்டுப் பகவதியின் குடம் ஒலித்து அவள் படாத பாடு பட்டபிறகு, பெண்கள் உப்புத்தாள் கொண்டு பேரைத் தேய்த்துப் பார்த்தார்கள், பேர் போனது, ஒலி போகவில்லை. அவரவர் பாத்திரத்தை அவரவர் கேட்டு வாங்கினார்கள், அதில் இரண்டு பேச்சுவார்த்தை முறிந்தது. பிறகு காலிப் பாத்திரமே வைக்கக் கூடாது என்று அரிசி, புளி, ஒன்றும் இல்லாவிட்டால் பச்சைத்தண்ணீர் என்று அத்தனையையும் நிரப்பி வைத்தார்கள். தண்ணீர் ஊற்றிய தம்ளர்கள் வரிசையாக இருந்த அடுக்களையைப் பார்த்தால் அந்த வீட்டில் என்னவோ நடக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் சண்முகவடிவு. இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் ஜன்னல் தெருவைப் பார்த்து இருப்பதற்கும், அடுத்த வீட்டு அடுக்களை எங்கள் முற்றத்தைப் பார்த்து இருப்பதற்கும் நான் என்ன செய்ய. அந்த அடுத்த வீட்டுக்காரிதான் உலகம்மாள். அவள் அவியல் கொடுத்துவிட்ட கிண்ணம் ஒன்று என்னிடம் தங்கியிருந்தது. வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, போட்டுக் கொடுக்க ஏதாவது செய்யவேண்டும், செய்ய ஒழியவில்லை என்று சொல்லிக்கொண்டு வைத்திருந்தேன். வைத்திருந்தது கேட்பதற்குத்தான்.

அது தினமும் ஒலித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கண் அயர்கிற நேரத்தில், மழையோ வெயிலோ, அமாவாசையோ கிருத்திகையோ, கிண்ணென்று ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், ஒரு ஒலி கரைந்தபிறகு அடுத்தது என்று வெகுநேரம் ஒலிக்கும். மற்றவர்களுக்கு எப்போதாவது வருகிற ஒன்று, அடகு வைத்த நகையைத் திருப்பினால், மகள் ஊரிலிருந்து வந்தால், ஒரு நிமிஷம் ஒலித்து நின்றுவிடும். இவளுக்கு மட்டும் தினமும், அதுவும் புருஷன் மண்டியில், பையன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில், மாமியார் தங்கச்சி வீட்டில் இருக்கிற நேரத்தில். ஒரு பெண்பிள்ளைக்குத் தினமும் சந்தோஷம் வருவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். கேபிள்காரரைச் சந்தேகப்பட்டோம், அவர் வருவது மாசத்துக்கு ஒருமுறை. கேஸ் கொண்டுவருகிறவரைச் சந்தேகப்பட்டோம், அவருக்கு வயது அறுபதுக்கு மேல், ஆனாலும் கொஞ்ச நாள் விடாமல் சந்தேகப்பட்டோம். நான் ஜன்னலை விட்டு நகராமல் இருந்து பார்த்தேன், உலகு உள்ளே இருந்து கதவைச் சாத்துவாள், யாரும் வரமாட்டார்கள், யாரும் போகமாட்டார்கள், கிண்ணம் மட்டும் ஒலிக்கும். யாராவது வந்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

அவள் புருஷன் கோமதிநாயகம் எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவர். அவர் தொண்டைதான் அந்த மண்டிக்குச் சொத்து, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். என் வீட்டுக்காரரும் (பேர் சொரிமுத்து, சொல்லத்தான் கூடாது, எழுதலாம்) அங்கேதான் எடை போடுகிறார், ஆகவே மண்டியில் நடப்பது எனக்குப் பார்த்த மாதிரிதான். காலை ஏலம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, தூக்குச்சட்டிகளைக் கழுவிச் சுவரில் ஆணி வரிசையில் மாட்டிவிட்டுச் சாக்குகளின் மேல் சாய்ந்திருக்கும்போது, கோமதிநாயகத்தின் தூக்குச்சட்டி ஒலிக்க ஆரம்பித்தது. அதன் மூடியில் கோ. உலகம்மாள் என்று வெட்டியிருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க சட்டி கூப்பிடுது," என்றான் மூட்டை தூக்குகிற சுடலை.

"வீட்ல என்னமும் விசேஷமாவே?" என்றார் இன்னொருவர்.

முதல் நாள் கோமதிநாயகமும் சிரித்தார். தினமும் ஒலிக்க ஒலிக்கச் சிரிப்பது மற்றவர்கள் வேலையாகிவிட்டது. தூக்குச்சட்டியைத் துண்டால் சுற்றி வைத்தார், சாக்குக்கு அடியில் வைத்தார், ஒலி இன்னும் ஆழமாகக் கேட்டதே தவிர நிற்கவில்லை. கடைசியில் எலுமிச்சையை அடைத்து மூடினார், அன்றைக்கு ஒலிக்கவில்லை, ஆனால் எலுமிச்சை அடைத்த தூக்குச்சட்டியோடு வீட்டுக்குப் போகிற மனிதரைப் பார்த்துத் தெருவே ஜாடை பேசியது.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர் வருகிற நாளில் பாத்திரம் மூச்சு விடாது. வராத நாளில் ஒலிக்கும். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, எனக்கும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

"எதுக்குட்டி சந்தோஷம் ஒனக்கு?" என்று ஒரு ராத்திரி கேட்டார். அது எங்கள் முற்றம் வரை தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா தெனமும் மணியடிக்குது?"

அவள் முகம் சிவந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, திருடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள் என்று அவள் மாமியாரே என்னிடம் சொன்னாள். குற்றமில்லாதவள் எதற்குக் கூச்சப்படவேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

கடையத்திலிருந்து உலகுவின் அண்ணன் நெல்லையப்பனை வரவழைத்தார்கள். காரணத்தைச் சொன்னால் இருக்கலாம், சொல்லாவிட்டால் அண்ணன் கூட்டிக்கொண்டு போகட்டும், பையன்கள் இங்கேதான் இருப்பார்கள், அதுதான் கோமதிநாயகத்தின் பேச்சு. சின்னவன் இன்னும் அவள் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று நானும் போனேன், போன இடத்தில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஒன்னைய யாரும் அடிக்கப் போறதில்ல. சொல்லு. யாரு?" என்றார் அண்ணன்.

"யாருமில்ல."

"யாருமில்லாம எப்படிம்மா சந்தோஷம் வரும்?"

உலகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், குரல் வெளியே வரவில்லை, நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்துதான் கேட்டோம். "எல்லாரும் போன பொறவு அடுக்களத் தரையில படுப்பேன். தூங்க மாட்டேன். ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா கெடப்பேன்."

"அதுல என்ன இருக்கு?"

"யாரும் என்னையக் கூப்பிட மாட்டாவ. காலையில கண்ணு முழிச்சதுல இருந்து உலகு வென்னி, உலகு சட்டை, உலகு கண்ணாடிய எங்க, அம்மா பெல்ட்டு, அம்மா பேனா. பயலுவ அப்பா தெருமுக்குல திரும்பும்போதே உலகுன்னு கொரல் குடுத்துக்கிட்டுத்தான் வருவாவ. அந்த நேரம் மட்டும் என் பேரு சும்மா இருக்கும். அவ்வளவுதான் அண்ணே." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு அண்ணன், "இதெல்லாம் ஒரு சந்தோஷமா?" என்றார், அவருக்கே தங்கையை நினைத்து வெட்கமாகிவிட்டது. கள்ளத்தனம் என்றாலாவது ஒரு முகம் இருந்திருக்கும், ஆள் யார் என்று தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். இவள் சொன்னதை வைத்துக்கொண்டு யார் சட்டையைப் பிடிப்பது? நான்தான் சொன்னேன், நெசமா பொய்யான்னு பார்த்திருவோமே என்று.

மறுநாள் மத்தியானம் பரீட்சை வைத்தோம். அவள் பாத்திரங்களை எல்லாம் காலி செய்து கூடத்தில் பரப்பினோம், அவளை அடுக்களையில் படுக்கச் சொன்னோம், நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தோம், புருஷன், அண்ணன், மாமியார், நான், கேள்விப்பட்டு வந்த இன்னும் சிலர். நியாயமாக நடந்துகொண்டோம், யாரும் அவளைக் கூப்பிடவில்லை, இருமலைக்கூட அடக்கிக்கொண்டோம். ஒரு கரண்டிகூட ஒலிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் எழுந்து வாசலில் நின்று, "நீங்க எல்லாரும் இருக்கீயளே," என்றாள். பொய்யை மறைக்கச் சொல்கிற சாக்கு என்று நாங்கள் முடிவு செய்தோம்.

அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். நான் கிண்ணத்தைக் கொடுக்க மறந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் புளுகியது உறுதி, ஆனாலும் அதைத் தரையில் படுத்துப் பார்த்தே நிரூபித்துவிட்டால் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன், கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் நான் அதைச் சாத்தியதில்லை. அடுக்களைத் தரையில் படுத்தேன். முதலில் அடுப்புக்கு அடியில் கிடந்த வெந்தயம்தான் கண்ணில் பட்டது, எழுந்து பெருக்கலாமா என்று நினைத்தேன், பெருக்கவில்லை. சிமெண்டுத் தரை முதுகில் குளிர்ந்தது. சாயங்காலத்துக்கு என்ன குழம்பு என்று ஒரு யோசனை வந்தது, அதை முடிக்காமல் விட்டேன், அதுவும் போய்விட்டது. யாரும் வடிவு என்று சொல்லவில்லை. வெளியே ஒரு காக்காய் கத்தியது, அது என்னை அல்ல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல, நெஞ்சு முட்டச் சந்தோஷமாக இருந்தது, அப்போது தலைக்கு மேல் பலகையில் என் பேர் வெட்டிய தட்டு கிண்ணென்று ஒலித்தது.

திடுக்கிட்டு எழுந்து அதைக் கையால் அமுக்கினேன். என் தட்டு நின்றபிறகும் ஒலி நிற்கவில்லை. பகவதி வீட்டிலிருந்து வந்தது, சங்கரி வீட்டிலிருந்து வந்தது, எதிர்வரிசை முழுவதும் கதவுகள் சாத்தியிருந்தன, சாத்திய ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒன்று ஒலித்தது, தெரு முழுவதும் தேர் வருகிற நாள் மாதிரி மணியாக இருந்தது. உலகு புளுகினாள் என்று நிரூபிக்க நான் ஒருத்திதான் படுத்தேன் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்த யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் வாசல் தெளிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

ஒலிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். உலகு அப்போது பெரியவனைக் கூட வைத்துக்கொண்டு, உப்பு எதில் இருக்கிறது, தம்பியின் இருமல் மருந்து எங்கே இருக்கிறது, பாட்டிக்கு எத்தனை சூட்டில் வென்னி வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மண்டியில் நடந்ததை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார், இலையை விட்டு முகத்தை எடுக்காமல் சொன்னார். ஆணி வரிசையில் மாட்டியிருந்த தூக்குச்சட்டிகள் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து அத்தனையும் ஒலித்ததாம். சுடலை கூரையைப் பார்த்தானாம். சிலர் போய்த் தங்கள் தூக்குச்சட்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, கை கூசி விட்டுவிட்டார்களாம். நாம் இல்லாத வீட்டில் நம் பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? கோமதிநாயகம் மட்டும் எழுந்து தன்னுடையதை எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, மூடி, காதில் வைத்துக் கேட்டாராம். அவருடையது மட்டும் ஒலிக்கவில்லை. அத்தனை நாள் கேலி பேசினவர்கள் யாரும் அன்று வாயைத் திறக்கவில்லை.

"நம்ம சட்டியும் அடிச்சிதுட்டி," என்றார் கடைசியில்.

"அடிக்கட்டும்," என்றேன். அதோடு எழுந்து போய் உலகுவின் மாமியாரிடம், அவ சொன்னது நெசந்தான், நான் படுத்துப் பாத்தேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு பெரிய திருட்டை ஒப்புக்கொண்டிருக்கலாம், அதற்காவது ஒரு மரியாதை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆட்டோவோடு வந்தார். கோமதிநாயகம் வாசலுக்கு வந்து, "மச்சான், ஆட்டோவ அனுப்பிருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

"அப்ப அவ சொன்னது நெசமா?"

"சாப்பிடுங்க மச்சான்," என்றார், அவ்வளவுதான்.

உலகு போகவில்லை. ஆனால் அவள் பாத்திரம் ஒலிக்கவும் இல்லை. மண்டியில் மற்ற தூக்குச்சட்டிகள் ஒலிப்பது பழகிப்போய், அந்தச் சத்தத்திலேயே ஆட்கள் குறட்டை விடுகிற நிலை வந்தபிறகும், கோமதிநாயகத்தினுடையது ஆணியில் வெறுமனே தொங்கியது. இப்போது எங்களுக்கு வேறு சந்தேகம் வந்தது, எல்லாம் சரியான பிறகும் இவளுக்கு என்ன குறை, எதை மனசில் வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று. மனுஷர் இளைத்துப்போனார். ஏலம் கூறும்போது தொண்டை பாதியில் நின்றது.

ஒருநாள் காலையில் நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், உலர்ந்த துணியைத்தான். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றது தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப ஏன் அடிக்க மாட்டேங்கு?" என்று கேட்டார், அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

உலகு தூக்குச்சட்டியில் சோறு வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "நீங்க அங்க உக்காந்து, அடிக்குதா அடிக்குதான்னு கேட்டுக்கிட்டு இருப்பீயன்னு நெனப்பு வந்திருது. அதுவும் கூப்பிடுத மாதிரிதான் இருக்கு."

அவர் பிடித்திருந்த கதவை விட்டார். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு வாழை இலையை அறுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். "இதுல கட்டிக் குடு. சட்டி இங்கனயே இருக்கட்டும்," என்றார்.

அன்று மண்டியில் எல்லோருடைய தூக்குச்சட்டியும் ஒலித்துக்கொண்டிருக்க, அவர் இலையை மடித்துப் போட்டுவிட்டுச் சாக்கில் சாய்ந்தாராம். "ஒங்க வீட்ல எப்படி அண்ணாச்சி?" என்று சுடலை கேட்டதற்கு, "தெரியல," என்றாராம். தெருவில் இன்னார் வீட்டில் இன்ன குழம்பு என்பது முதல் கொச்சி மார்க்கெட் விலை வரை தெரிந்த மனிதர், சங்கடமே இல்லாமல் அப்படிச் சொன்னாராம்.

நான் அன்றைக்குத்தான் அதிரசம் சுட்டுக் கிண்ணத்தில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன், அதனால் எனக்கும் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன், எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சாயங்காலம் வழக்கத்துக்கு முன்னால் மண்டி விட்டது போலிருக்கிறது, பையன்கள் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை. கோமதிநாயகம் தெருமுக்கில் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குரல் வரவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி வந்து, சாத்தியிருந்த தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெளிப்படியில் உட்கார்ந்தார்.